நாம் அழித்த ஓர் எழுத்து

தம்பி,

நீ உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் முன்னறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது எனக்கே விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று மாதத்தில் நான் எத்தனை முறை பேச்செடுத்தேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் "விடும்மா, அதான் முடிஞ்சுபோச்சுல்ல" என்று சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். முடியவில்லை, தம்பி. இந்த வாரம் நான் மூன்று பேரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். எங்கள் மருத்துவமனை நிர்வாகியிடம், தேன்மொழியிடம், அந்த்ரே டீச்சரிடம். உன் பெயரையும் சொன்னேன். நிர்வாகி எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார். அவருக்கு என்று ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். உனக்கு என்று ஆரம்பித்த பிறகுதான் கை ஓடுகிறது. அதனால் இதையே நகலெடுத்து அவருக்கும் மற்ற இருவருக்கும் கொடுக்கப்போகிறேன். பதிவுப் பிரிவின் அறிவிப்புப் பலகையிலும் ஒன்று ஒட்டப்படும். வெளியார் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு படி.

பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. உன் அப்பா புகழேந்தி இறந்தபோது உனக்கு ஏழு வயது. அந்த 'ழ'வை அவர் வேலை பார்த்த மில்லின் பதிவேட்டில் எல் போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். இறப்புச் சான்றிதழில் இசட்டும் எச்சும் வந்தது. மில்லில் இருந்து வர வேண்டிய பணத்துக்காக, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தேன். உன்னை வீட்டில் விட ஆள் இல்லாததால் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டே போவேன். ஒரு நாள் ஒரு குமாஸ்தா, "செத்தவரு வேற யாரோம்மா, இதுல இருக்கறவரு இன்னும் உயிரோட இருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார். நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டாய். அதை நான் மறந்திருக்கக் கூடாது. மறந்தேன். எப்படி மறந்தேன் என்பதைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக நான் பதிவுப் பிரிவில் இருந்தவள். காகித ஃபைல்களை விட்டுவிட்டு நோயாளிகளே போனில் பதிவு செய்துகொள்ளும் முறைக்கு மாறலாம் என்று நிர்வாகி சொன்னபோது, "என் பையன் இந்த வேலைதான் செய்றான் சார்" என்று உன்னைச் சொன்னவள் நான்தான். நீ தனியாகத் தொழில் ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரவு பகல் பார்க்காமல் அந்தப் படிவத்தைச் செய்து முடித்தாய். முதல் வாரமே சிக்கல் வந்தது. இது புதுச்சேரி. ரெனே, ழோசே, எலேன் என்று பெயர் உள்ளவர்கள் எங்கள் வரிசையில் தினம் பத்துப் பேராவது நிற்பார்கள். பாதிப் பேர் கையில் பிரெஞ்சு அடையாள அட்டை. அதில் 'e' மேல் கோடு போட்ட é இருக்கும். அதை அப்படியே அடித்தால் உன் படிவம் சிவப்பு எழுத்தில் 'சரியான பெயரை உள்ளிடவும்' என்று சொல்லும். தடி ஊன்றிய ஒரு பெரியவர் கவுண்டரில் போனை நீட்டி, "எழுபத்தஞ்சு வருஷமா இதான் என் பேரு. சரியில்லன்னு சொல்றதுக்கு இது யாரு?" என்று கேட்டார்.

நீ அந்தத் தடையை எடுத்தாய். அடுத்த நாள் சீட்டுகளில் é வர வேண்டிய இடத்தில் புரியாத குறிகள் இரண்டிரண்டாக அச்சாகி வந்தன. டாக்டர்கள் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் தட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, "எதையாச்சும் பண்ணுடா. நாளைக்குக் காலைல வரிசை நகரணும். எனக்கு அசிங்கமா இருக்கு" என்றேன். நீ ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்து, "சேமிக்கும்போது அந்த மாதிரி எழுத்தையே தூக்கிட்டேம்மா. இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் உள்ள போவும். அடிக்கறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றாய். நான் சிரித்தேன். கெட்டிக்காரன் என்று உன் தலையைத் தடவினேன். அந்த ஒரு வரியை எழுதியது உன் கை. அவசரப்படுத்தியது என் வாய். இதை நிர்வாகியிடமும் இதே சொற்களில் சொல்லியிருக்கிறேன்.

கருவடிக்குப்பத்தில் இரட்டையர் இருவர் இருக்கிறார்கள். அறுபத்தேழு வயது. அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கை பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே போன் நம்பர். அவர்களுடைய அப்பா ஆசைப்பட்டு இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். கூப்பிட்டால் இருவருமே அந்த்ரே. எழுதும்போது அண்ணன் André. தங்கைக்குக் கடைசியில் இன்னொரு e சேர்த்து Andrée. டீச்சர் தன் பெயரை யாரையும் அடிக்க விடமாட்டார். கவுண்டருக்கு வந்தபோது, "குடும்மா, நானே அடிக்கறேன். அக்சான், மேல இருக்கற இந்தக் கோடு, இல்லாம எழுதினா அது நான் இல்ல" என்று சொல்லிவிட்டு, போனில் e எழுத்தை அழுத்திப் பிடித்து, é வந்ததும் எடுத்து, நிதானமாக அடித்தார். பென்சிலின் வகை ஊசி அவருக்கு ஆகாது. அதையும் உரிய கட்டத்தில் அவரே குறித்தார். சேமி என்பதை அழுத்தினார். உள்ளே é காணாமல் போனது. கடைசி e மட்டும் மிஞ்சி, Andre என்று பதிவானது.

ஒரு மாதம் கழித்து அண்ணன் காலில் புண்ணோடு வந்தார். அவருக்குப் போன் பழக்கம் இல்லை. கவுண்டரில் இருந்த தேன்மொழி அவருடைய அட்டையைப் பார்த்து, எங்கள் கீபோர்டில் கோடு போட்ட எழுத்து கிடையாது என்பதால், எல்லாரும் அடிப்பதுபோல Andre என்று அடித்தாள். குடும்பப் பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, போன் நம்பர் ஒன்று. உன் நிரல் இரண்டையும் ஒரே ஆள் என்று முடிவு கட்டியது. யாரையும் கேட்கவில்லை. பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதியது. பெண் என்பது ஆண் ஆயிற்று. அலர்ஜி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று விழுந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, டீச்சரை அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலில் நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டிருந்தார். அவரை நேராக மாடிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனால் படியேற முடியாது. என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே விவரம் சொன்னார். நான் ஏதோ ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். "தங்கச்சிக்கு அந்த ஊசி ஆவாதும்மா. உங்ககிட்ட இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்குங்க, அவங்களே போட்டுக் குடுத்தாங்களே" என்றேன். திரையைப் பார்க்காமலேயே சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். Andre. ஆண். அலர்ஜி இல்லை.

ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நின்று நான் கேட்டதும், நீ சொன்ன பதிலும் அப்படியே காதில் விழுந்தன. மாடிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மாடி எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் வார்டுக்குள் நுழைந்தபோது காலி சிரிஞ்ச் தட்டில் கிடந்தது. டீச்சரின் உதடும் கண்ணிமையும் வீங்க ஆரம்பித்திருந்தன. மூச்சு விசில்போல வந்தது. "பென்சிலின், பென்சிலின் ஆவாது அவங்களுக்கு" என்று கத்தினேன். நர்ஸ் என்னை நம்பாமல் கையிலிருந்த திரையைக் காட்டி, "இதுல இல்லன்னு இருக்கேக்கா" என்றாள். ஆண் என்று இருந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். பெயர், தேதி, நம்பர் எல்லாம் சரியாக இருந்ததால் அதை மட்டும் தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிட்டாள். டாக்டர் மறுபேச்சு பேசாமல் அலர்ஜியை முறிக்கும் ஊசியைப் போட்டார். தொண்டையில் குழாயை இறக்கினார்கள். நான் சுவரோரமாக நின்றேன். கீழே காத்திருக்கும் அண்ணனிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு, போகாமலேயே நின்றேன்.

நான்காம் நாள் டீச்சர் பிழைத்தார் என்று சொன்னார்கள். அன்று மத்தியானம் நிர்வாகி எங்களை அழைத்தார். அதற்கு அரை மணிக்கு முன்னால், நான் முன்பே சொல்லி எல்லாம் தெரிந்திருந்த நீ போன் செய்தாய். "ம்மா, அந்த வரிய எடுத்துட்டேன். ரெண்டையும் சேக்கறதையும் நிறுத்திட்டேன். இனிமே இப்படி ஆவாது. நீ எதுவும் சொல்லாத. பெங்களூரு கம்பெனி வேலை கையில வர்ற நேரம். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் பண்றவங்கம்மா அவங்க, இது காதுல விழுந்தா அவ்ளோதான்" என்றாய். நான் போனை வைத்துவிட்டு நிர்வாகியின் அறைக்குப் போனேன்.

நிர்வாகியின் மேசைமேல் ஒரு தாள். கடைசியாக அந்தப் பதிவைத் தொட்டது யார் என்று அதில் தேன்மொழியின் பெயர் இருந்தது. அவள் அரியாங்குப்பத்தில் இருந்து வருபவள். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் படித்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மேசைக்குப் பின்னால் உட்காரும் வேலைக்கு வந்தவள். "அவரு கார்டுல இருந்ததத்தான் சார் அடிச்சேன். ஏற்கெனவே ஒருத்தர் இருக்காங்கன்னு அது சொல்லவே இல்ல" என்றாள். செய்த வேலையைப் பற்றி அவளுக்கு நிச்சயம் இருந்தது. நிர்வாகி என் பக்கம் திரும்பி, "ஃபாரத்துல ஏதாவது கோளாறு இருக்காம்மா? உங்களுக்குத்தான் தெரியும்" என்று கேட்டார். தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நம்பித்தான் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்" என்றேன்.

அவளுக்கு வேலை போயிற்று. கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளோடு வேறு எந்த மருத்துவமனையில் போய் அவள் நிற்க முடியும்? மேசையைக் காலி செய்தாள். சாவியை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

இது எனக்கு முதல் முறை இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் ஒன்றைக் கெடுத்துவிட்டு, பக்கத்து பெஞ்சுப் பையன்மேல் பழி போட்டாயே, நினைவிருக்கிறதா? அன்று மாலை உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அடுத்த நாள் தலைமையாசிரியர் அறையில் நின்றுகொண்டு, என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான் என்று வாதாடினேன். அப்பா இல்லாத பிள்ளை, நான் விட்டுக்கொடுத்தால் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பையனை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். நீ செய்ததற்கெல்லாம் முன்னால் போய்ப் பேசிப் பேசி, உன்னைப் பேசவே விடாமல் வளர்த்துவிட்டேன். இதை உன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

போன வாரம் கண்புரைக்காகக் கண் மருத்துவமனைக்குப் போனேன். பதிவு செய்ய ஒரு படிவத்தைப் போனில் அனுப்பினார்கள். பார்த்ததும் தெரிந்தது, உன் வேலை. என் போனில் தமிழ்தான் இருக்கும். பெயரைத் தமிழில் அடித்து அனுப்பினேன். சீட்டு அச்சாகி வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. முதலெழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை மொத்தமும் இல்லை. "இங்கிலீஷ்ல அடிங்கம்மா, தமிழ்ல அடிச்சா இப்படித்தான் காலியா வருது" என்றாள் அந்தப் பெண். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். ஆரம்பத்தில் இருந்தே என்றாள். மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எங்கள் மருத்துவமனையில் மட்டும் அந்த வரியை எடுத்திருக்கிறாய். நீ செய்து கொடுத்த மற்ற இரண்டு இடங்களில் அது அப்படியே இருக்கிறது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதற்குப் பயந்து விட்டுவிட்டாய். அந்த இரண்டு இடத்திலும் இந்நேரம் யாருடைய பதிவின்மேல் யாருடையது ஏறியிருக்கிறதோ. அதற்குப் பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நிர்வாகி முதலில், "ஆறிப்போன விஷயத்தை ஏம்மா கிளர்றீங்க" என்றார். தேன்மொழியின் பிழைப்பை நான் கெடுத்தேன், அது ஆறவில்லை என்றேன். அவர் தேன்மொழியின் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். பிறகு அவளுக்குக் கொடுத்த கடிதத்தை ரத்து செய்து, வேலைக்கு வரச் சொல்லிப் புதுக் கடிதம் எழுதினார். என் ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். அந்தப் புதுக் கடிதத்தைத் தேன்மொழியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்க்கெட்டில் மாமியாரோடு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "வேலைக்கு வரேன்க்கா. அது என் வேலை" என்றாள். "உங்ககிட்ட பேசறதுக்கு மட்டும் எனக்கு நாளாவும்." சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்ற இரண்டு மருத்துவமனைக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஓர் இடத்தில் அன்றே படிவத்தை நிறுத்திக் காகிதத்துக்குப் போய்விட்டார்கள். கண் மருத்துவமனையில், உங்கள் பையனைக் கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். உன் போனுக்கு அழைப்பு வந்திருக்கும். எடு. அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே இப்போது தெரியும். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த, கம்ப்யூட்டர் படித்த பெண்ணிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். ஒருவர் அடித்த பெயரை அடித்தபடியே வைக்க வேண்டும், ஒரு புள்ளி குறையக் கூடாது. தேடுவதற்குக் கோடில்லாத நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், மூலத்தைத் தொடக் கூடாது. சில போன்களில் é ஒரே எழுத்தாக வருமாம், சிலவற்றில் e தனியாகவும் கோடு தனியாகவும் வருமாம், நம் 'கொ'வில் கொம்பும் காலும்போல. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிய வேண்டும். ஓர் எழுத்தை வாங்க முடியவில்லை என்றால் அடித்தவரிடம் சொல்ல வேண்டும், சொல்லாமல் எடுக்கக் கூடாது. இரண்டு பேர் ஒருவராகத் தெரிந்தால், எதிரில் இருக்கும் மனிதரைக் கேட்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரிந்தும், ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னதால் விட்டாய். நாளைப்பின்னே பெங்களூரில் எவனாவது தட்டுக்கு எதிரே நின்று அவசரப்படுத்துவான். அப்போது முடியாது என்று சொல்லிப் பழகு. அந்தக் கம்பெனிக்கு நீயே எழுதிவிடு. வேலை போகலாம். எனக்கும் அது பயமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக டீச்சர் வீடு. அண்ணன்தான் கதவைத் திறந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிலைப்படியிலேயே நிற்க வைத்தார். "அன்னிக்கு உன்ன கேட்டேனே, இருக்குன்னு சொன்னியே" என்றார். கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே போய்விட்டார். டீச்சர் சாய்வு நாற்காலியில் இருந்தார். குழாய் போட்டதில் தொண்டை கம்மி, குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. என்னைத் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "அந்தப் புள்ளைக்கு எத்தினி வயசு?" என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போகிறான், அதற்குள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

"நீ கூட்டிட்டு வராத. வந்தா அவனா வரட்டும்."

அதனால் நான் வர மாட்டேன். நீ போகிறாயா என்று கேட்கவும் மாட்டேன். காலை பத்து மணிக்குமேல் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். பச்சைக் கதவு, வாசலில் இரண்டு பெயரும் எழுதிய பலகை இருக்கும். தட்டினால் அண்ணன்தான் வருவார், கால் சரியில்லாததால் நேரமாகும். காத்திரு. யார் என்று கேட்பார். என் பிள்ளை என்று சொல்லாதே. உன் பெயரைச் சொல்.

அம்மா